வகுப்பறையில் இணையக் கருவிகள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சியில் கருத்தாளராக நிற்பவர்களுக்குத் தெரியும், உண்மையான கேள்விகள் தேநீர் இடைவேளையில்தான் வரும். அரங்கில் கை தூக்கத் தயங்கியவர்கள் டம்ளரோடு பக்கத்தில் வந்து, "சார், ஒண்ணு கேட்கலாமா" என்று ஆரம்பிப்பார்கள். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களும் பி.எட். மாணவர்களும் அப்படிக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

இணையக் கருவி என்று எதைச் சொல்கிறீர்கள்? யூடியூபில் பாடத்தைப் போட்டுக் காட்டுவதும் அதில் சேருமா?

சேரும். ஆனால் நான் கருவிகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். சில கருவிகள் பிள்ளைகளுக்குக் காட்டும். வீடியோ, படம், அசைவூட்டம் எல்லாம் அந்த வகை. வேறு சில கருவிகள் பிள்ளைகளிடம் கேட்கும். அவர்கள் ஒன்றைத் தொட, இழுக்க, மாற்ற, தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு இரண்டாவது வகை மேல்தான் நம்பிக்கை அதிகம். நாற்பது பேர் அமைதியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இந்தப் பக்கம் முழுவதும் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் கேள்வி இதுதான்: இந்தக் கருவியால் பிள்ளை நினைப்பது எனக்குத் தெரியவருகிறதா?

பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறதே, அது போதாதா?

தொடங்க நல்ல இடம் அது. தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தபோதே கியூஆர் கோடும் வந்தது. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. அதை ஸ்கேன் செய்யப் பயன்படும் தீக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று தொடங்கப்பட்டது.

பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒன்றும் புத்தகத்தில் இருக்கிறது. கணக்கு, அறிவியல் பாட முடிவுகளில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். படிப்படியாகச் செய்முறை எழுதியிருப்பார்கள். கணக்குப் புத்தகங்களில் பெரும்பாலும், வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளுக்கு அழைத்துப் போகும். கியூஆர் கோடு காட்டும் வீடியோவைவிட இந்தப் பக்கம் எனக்கு மதிப்பானது. பிள்ளை கையை வைத்துச் செய்ய வேண்டியது இதில்தான் இருக்கிறது.

ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். முந்தின நாள் இரவே ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். சில இணைப்புகள் காலப்போக்கில் வேலை செய்யாமல் போகும். வகுப்பில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடித்தால் பாடவேளையில் பாதி போய்விடும்.

நான் அறிவியல் ஆசிரியர். ஒரே ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பெட் சிமுலேஷன்கள், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிகள். இயற்பியலில் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம். மாணவர் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. பல சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்கலம், தொடராக இரண்டு ஒரே மாதிரி பல்புகள். எது அதிகமாக ஒளிரும்? சிமுலேஷனைத் திறப்பதற்கு முன் இதைக் கரும்பலகையில் வரைந்து, ஒவ்வொருவரையும் நோட்டில் பதில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் முதலில் சொன்னவர் பின்னால் எல்லாரும் போய்விடுவார்கள், அதனால் எழுத வேண்டும். எழுதிய பிறகு பாருங்கள். நான் பார்த்த ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெரிய கூட்டம் 'முதல் பல்பு' என்று எழுதியிருக்கும். காரணம் கேட்டால், "கரண்ட் முதல் பல்புல கொஞ்சம் செலவாயிடும் சார், மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்" என்பார்கள்.

அழகான தர்க்கம் அது. வீட்டில் தண்ணீர், அரிசி, பணம் எல்லாமே செலவாகும்போது கரண்ட் மட்டும் ஏன் செலவாகாது என்று பிள்ளை நினைக்கிறது. கரண்ட் பில்லும் அதைத்தானே சொல்கிறது! நேராகப் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போனால் இந்த எண்ணம் அப்படியே உள்ளே இருக்கும். தேர்வில் சூத்திரத்தைச் சரியாகப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். எண்ணம் மாறியிருக்காது.

இப்போது சிமுலேஷனைத் திறந்து சுற்றைப் பொருத்துங்கள். இரண்டு பல்பும் ஒரே அளவு ஒளிர்கின்றன. கம்பியில் எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் போகின்றன. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், நடுவில், இரண்டாவதற்குப் பின் என்று மூன்று இடத்திலும் வைத்தால் ஒரே எண். அப்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். அதை அடக்காதீர்கள். "அப்படியானால் செலவாவது என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆற்றல் என்ற சொல் அங்கிருந்து வரட்டும்.

முன்கூட்டிச் சொல்வது, பார்ப்பது, விளக்குவது என்ற இந்த மூன்று படிகள்தான் பாடம். சிமுலேஷன் நடுவில் ஒரு படி.

சிமுலேஷன் வந்துவிட்டால் ஆய்வகம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். நிஜ பேட்டரியைத் தொட்டு, நிஜ கம்பியை முறுக்கி, பல்பு எரியாமல் போய், ஏன் என்று தேடும் அனுபவத்தைத் திரை தராது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் பார்க்க ஒன்றாக இருந்தாலும் ஒளிர்வு கொஞ்சம் வேறுபடும். 'முதல் பல்பு' என்று எழுதிய பிள்ளைக்கு அது ஆதாரமாகிவிடும். பல்புகளை இடம் மாற்றிப் பொருத்திக் காட்டினால் அந்தக் குழப்பம் தீரும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள்.

கணக்குக்கு?

ஜியோஜீப்ரா. ஒரே அடிப்பக்கம், இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே ஒரு முக்கோணம் வரைந்து, உச்சியை மேல்கோட்டிலேயே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போங்கள். பக்கங்கள் நீண்டு முக்கோணம் ஒல்லியாகச் சாய்ந்துவிடும். பரப்பளவு என்ன ஆகும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். பரப்பளவுப் பெட்டியில் எண் மாறாமல் நிற்பதைப் பார்த்த பிறகு, ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஆனால் இழுத்துப் பார்ப்பது நிரூபணம் ஆகாது. நிரூபணம் வேண்டும் என்ற ஆசையைத்தான் அது உண்டாக்கும். அதற்குப் பிறகு சாக்பீஸை எடுங்கள்.

தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு எதுவுமே இல்லையே?

நிறைய இருக்கிறது, பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கொட்டிக் கிடக்கின்றன.

நான் தமிழாசிரியர்களிடம் செய்யச் சொல்லும் ஒரு வேலை உண்டு. 1330 குறளும் உள்ள ஒரு கோப்பைத் திறந்து, 'தமிழ்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். தேடுவதற்கு முன் எல்லாரும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். நூறு என்பார்கள், ஐம்பது என்பார்கள். ஓரிடத்திலும் இல்லை. வள்ளுவர் ஏன் அப்படி எழுதினார் என்று அப்புறம் நடக்கும் பேச்சை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பொழிப்புரை மனப்பாடத்தில் அந்தப் பேச்சு வராது.

சமூக அறிவியலுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. உங்கள் ஊரைத் திறந்து பாருங்கள். ஏரி இருக்கிறதா, ஊருணி இருக்கிறதா, காலனிக்குப் போகும் தெரு இருக்கிறதா? எது வரைபடத்தில் இருக்கிறது, எது விடுபட்டது என்று பிள்ளைகள் பட்டியல் போட்டால் அதுவே ஒரு முழுப் பாடம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்க் கட்டுரையைச் சரிபார்ப்பதும் அப்படித்தான். 2003 முதல் இருக்கும் அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதத் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு 2017-இல் பயிற்சியே கொடுத்தார்கள். அதில் வந்த சிலர் இன்றும் எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தமிழ்வழிப் பாடப்பொருளைத் தேடுபவர்கள் இலங்கைக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தையும் ஒருமுறை பார்க்கலாம். பாடத்திட்டம் வேறு, சில கலைச்சொற்களும் வேறு, ஆனால் பயிற்சிகள் பயன்படும்.

எங்கள் பிள்ளைகளிடம் போன் இல்லை. வகுப்பில் போன் அனுமதியும் இல்லை. என்ன செய்வது?

பிளிக்கர்ஸ். இந்தக் கேள்விக்காகவே செய்தது போன்ற கருவி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கருப்பு வெள்ளையில் ஒரு கட்டம் அச்சாகியிருக்கும். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். எது விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்கும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பு முழுவதும் ஒரு சுற்றுக் காட்டினால், யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் கட்டமும் வேறு வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதவும் முடியாது. தளத்திலிருந்து அட்டைகளை இறக்கி அச்சடித்துத் தடித்த தாளில் ஒட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் கேமரா தடுமாறும். இலவசக் கணக்கில் கேள்வி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆனால் ஒரு பாடவேளைக்கு இரண்டு மூன்று நல்ல கேள்விக்கு மேல் எதற்கு?

கேள்வியை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தசம எண்களில் ஓர் உதாரணம்: 0.4, 0.35, 0.127 இவற்றில் பெரியது எது? 0.127-ஐத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நூற்று இருபத்தேழு என்று படிக்கிறது. சரி, அதைப் பிடித்துவிட்டோம். 0.4 என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று விட்டுவிடலாமா? கூடாது. 'தசமத்தில் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது' என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களும் 0.4 என்றுதான் சொல்வார்கள். தவறான காரணம், சரியான விடை. அதனால் உடனே இரண்டாவது கேள்வி: 0.73, 0.6 இவற்றில் பெரியது எது? அந்தப் பிள்ளை இப்போது 0.6 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் சரியாகச் சொன்னவர்களைத்தான் ஓரளவு நம்பலாம்.

முடிவு வந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசி, அவரை ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்லுங்கள். மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்த முறை இது. அவருடைய மாணவர்கள் இளங்கலைக்காரர்கள். நம் ஆறாம் வகுப்பிலும் இது அருமையாக நடக்கிறது.

அட்டையும் இல்லையா? விரல் போதும். ஏ என்றால் ஒரு விரல், பி என்றால் இரண்டு, நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கருவி வேறு, கேள்வி அதேதான்.

நெட் வருவதே இல்லை. வந்தாலும் நடுவில் போய்விடுகிறது.

அப்படியானால் நெட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் பாடத்தை மட்டும் கொண்டுபோங்கள். பெட் சிமுலேஷன்களைக் கோப்பாக இறக்கி வைத்தால் சாதாரண பிரவுசரில் நெட் இல்லாமலே ஓடும். தீக்ஷா செயலியிலும் பாடங்களை இறக்கி வைக்கலாம். கீவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். எழுதி வைத்திருந்தால் பதற்றம் இருக்காது.

ஹைடெக் லேபில் பத்துக் கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, பிள்ளைகள் நாற்பது.

தமிழ்நாட்டில் முதலில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்த லேப் வந்தது. கம்ப்யூட்டருக்கு நான்கு பேர் என்பதில் தவறே இல்லை. கூடிப் பேசிச் செய்ய அது நல்லதும்கூட. தவறு மவுஸில்தான் நடக்கும். ஒரு பையன் மவுஸைப் பிடித்தால் மணி அடிக்கும்வரை விடமாட்டான். மற்ற மூவரும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இருபாலர் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் கைக்கு மவுஸ் வரவே வராத வகுப்புகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

என் விதி இது: மவுஸ் பிடிப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து ஆளை மாற்ற வேண்டும். ஒருவர் நோட்டில் எழுத வேண்டும். சொல்லித்தான் செய்ய வைக்க முடியும் என்றால் பேசியாக வேண்டும், பேசினால் நமக்கும் காதில் விழும்.

பழைய வினாத்தாளைக் கூகுள் படிவத்தில் ஒட்டினால் ஏதேதோ எழுத்து வருகிறது. ஏன்?

உங்கள் கோப்பு பாமினியிலோ வானவில்லிலோ இருக்கிறது. அந்தப் பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டினார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும். பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் உள்ளே இருக்கும். இணையத்துக்குத் தேவை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடு. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடைத் தர எழுத்துமுறையாக ஏற்று ஆணையிட்டது.

பழைய கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். எழுத்துரு மாற்றி என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும், அதில் ஒட்டி மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஒகர ஓகாரக் குறியீடுகளும் கிரந்த எழுத்துகளும்தான் அடிக்கடி உடையும். இனி புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகையைப் பழக இரண்டு வாரம் பிடிக்கும். அதுவும் முடியாது என்றால் போனில் தமிழில் பேசியே தட்டச்சு செய்யலாம். ஆசிரியர் பயிற்சியில் வேறெதற்கும் முன்னால் இதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்பேன். இந்த ஒரு தடை தீர்ந்தால் பாதிப் பேருக்கு வழி திறந்துவிடும்.

ஆன்லைன் பணியிடைப் பயிற்சிகளால் உண்மையிலேயே பயன் உண்டா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019-இல் நேர்முகப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்தா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் 2020 அக்டோபர் முதல் தீக்ஷா வழியாக ஆன்லைனில் வந்தது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. மணிக்கணக்கை ஆன்லைனில் எளிதாகக் காட்டிவிடலாம். ஆனால் வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமையலைப் பார்த்தவர்கள், விடைகளை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து சான்றிதழ் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து ஆறு பாடவேளை நின்றுவிட்டு, பதிவேற்ற வேண்டிய விவரங்களையும் பதிவேற்றிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு 'பின்வருவனவற்றுள் எது சரி' என்ற கேள்விக்கு யார் யோசித்துப் பதில் போடுவார்?

பயிற்சியின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். நான் கருத்தாளராக இருந்த ஒரு பயிற்சியில் வீடியோவைப் பத்து நிமிடமாகக் குறைத்தோம். தேர்வை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, 'இந்த ஒரு கேள்வியை நாளை உங்கள் வகுப்பில் கேளுங்கள். மூன்று பிள்ளைகள் எழுதிய விடையைப் பெயர் தெரியாமல் படமெடுத்துப் பகிருங்கள். அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள்' என்றோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அந்தப் படங்களைச் சுவரில் காட்டியதும் அரங்கமே பேச ஆரம்பித்துவிட்டது. "எங்க வகுப்பிலும் அச்சு அசல் இதே தப்பு சார்" என்று ஒருவர், "இல்ல, இது வேற தப்பு" என்று இன்னொருவர். அந்த நாற்பது நிமிடத்தில் நானும் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. கருவியைப் பற்றிப் பேசும் பயிற்சி பயிற்சியே ஆகாது. ஆசிரியர்கள் முதலில் மாணவராக உட்கார்ந்து, அட்டையைத் தூக்கி, தப்பாகச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். மின்சுற்றுக் கேள்வியை ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், எழுதுவதற்கு முன் எத்தனை பேர் தயங்குகிறார்கள் என்று.

பி.எட். மாணவர்களின் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு எந்தக் கருவி உதவும்?

உங்கள் போனில் உள்ள ரெக்கார்டர். நுண்ணிலைக் கற்பித்தல் 1963-இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தபோதே பதிவுதான் அதன் உயிர். சில நிமிடம் கற்பிப்பது, பதிவைப் பார்ப்பது, மறுபடி கற்பிப்பது. நம் கல்லூரிகள் பலவற்றில் பதிவு போய், ரெக்கார்டு நோட்டு மட்டும் மிஞ்சிவிட்டது. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

எதைப் பார்ப்பது? முதல்முறை ஒன்றே ஒன்று போதும். கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அது மூன்று விநாடிக்கு மேல் நீண்ட வகுப்புகளில் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பதிவைக் கேட்கும்வரை 'நான் நன்றாகக் காத்திருக்கிறேன்' என்றுதான் எல்லாரும் நினைப்போம். நானும் நினைத்தேன். கேட்ட பிறகு என் கற்பித்தலே மாறியது.

பதிவைப் பொதுவில் போட வேண்டாம். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி டிரைவில் வைத்து, இரண்டு தோழர்களிடம் கொடுங்கள். 'நன்று' என்று எழுதாமல், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 54. இனிமேல் இதெல்லாம் வருமா?

வரும் அம்மா. புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இருவர் 2006-இல் எழுதியது உங்களுக்கு ஆறுதல் தரும். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் நல்ல கற்பித்தல் இருக்கிறது என்றார்கள். முதல் இரண்டும் உங்களிடம் முப்பது வருடமாக இருக்கின்றன. பள்ளிக்குப் புதிதாக வந்த தம்பிக்கோ தங்கைக்கோ மூன்றாவது மட்டும் இருக்கும். இருவரும் சேர்ந்து ஒரு பாடம் தயாரியுங்கள். எந்தத் தப்பைப் பிள்ளை செய்யும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் செய்வதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

முகம் தெரிய வேண்டாம். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், தப்பான விடையோடு ஒரு பிள்ளையின் முகம் ஊர் முழுக்கப் போனால் அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்குமா? நோட்டை எடுங்கள், கையை எடுங்கள், போதும். கணக்கே தொடங்கத் தேவையில்லாத கருவியாகத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் வரிசை எண் கொடுங்கள்.

இணையத்தில் கிடைப்பதை வகுப்பில் பயன்படுத்தினால் பதிப்புரிமைப் பிரச்சினை வருமா?

கற்பிக்கும் வேலையின் பகுதியாக ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே பொருளை உங்கள் யூடியூப் சேனலில் போடுவது வேறு விஷயம். பொதுவில் போட வேண்டுமானால், மற்றவர்கள் பயன்படுத்த உரியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படங்களைத் தேடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் நிறைய இருக்கிறது. யாருடையது என்று பெயர் போடுங்கள்.

சாட்ஜிபிடி கேள்வித்தாள் தயாரித்துத் தருகிறதே, பயன்படுத்தலாமா?

முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் சரிபார்க்காமல் ஒரு வரியைக்கூட வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. குறளின் எண்ணை மாற்றும், இல்லாத பாடலை இருக்கிறதென்று சொல்லும், நம் பாடநூலில் இல்லாத கலைச்சொல்லைப் போடும். தயக்கமே இல்லாமல் சொல்லும் என்பதால் இளம் ஆசிரியர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

எனக்கு அது பயன்படும் இடம் வேறு. 'இந்தக் கணக்கில் மாணவர்கள் என்னென்ன தவறுகள் செய்யக்கூடும்' என்று கேட்பேன். பத்துச் சொல்லும். நான்கு உதவாது, நான்கு எனக்கே தெரியும், இரண்டு யோசிக்க வைக்கும். அந்த இரண்டைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்ப்பேன்.

இந்த வாரமே தொடங்க வேண்டும் என்றால்?

இந்த வாரம் நடத்தப்போகும் பாடங்களில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் ஒன்றை எடுங்கள். அந்தத் தடுமாற்றம் வெளியே தெரியும்படி ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். அதற்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அப்புறம்தான் கருவி: சிமுலேஷனா, அட்டையா, விரலா என்று முடிவு செய்யுங்கள். இரவே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். போன் ரெக்கார்டரை ஓடவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். சாயங்காலம் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து, கேள்வி கேட்ட பிறகு வரும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் கேளுங்கள்.